பெருங்குடல் புற்றுநோயில் வைரஸுக்கு என்ன வேலை?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடலூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில், நுண்ணுயிரியல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். "குடல் கேன்சர் வைரஸால வருதாமே, செய்தியில போட்டிருக்காங்களே" என்று கொஞ்ச காலமாகத் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேட்பவர் மனதுக்குள் பெரும்பாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது: இது ஒட்டிக்குமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டாது. பெருங்குடல் புற்றுநோய் தொத்து வியாதி இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு மகன் என்னிடம் கேட்டார்: "டாக்டரம்மா, வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. அப்பாவுக்குத் தட்டு, தம்ளர் தனியா வச்சிடலாமா?" அப்பா அங்கேயே பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழாதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேண்டவே வேண்டாம் தம்பி. பேரப்பிள்ளைங்க தாத்தா மடியில உட்காரட்டும், கூடவே சாப்பிடட்டும்" என்றேன். வைரஸ் என்ற சொல் அரைகுறையாகப் பரவினால் இன்னும் எத்தனை வீடுகளில் தட்டு தனியாகப் போகுமோ என்பதுதான் என் கவலை. அதனால் விஷயத்தை முழுசாகவே பார்த்துவிடுவோம்.

வைரஸ் புற்றுநோயை உண்டாக்க முடியுமா? முடியும். பெய்டன் ரௌஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1911-ல் கோழிகளில் இதைக் காட்டினார். பல காலம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை; நோபல் பரிசு வந்தது 1966-ல்! அப்புறம் மனிதர்களிடமும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்ற வைரஸ், கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸ் பி, சி. இவற்றைக் குற்றவாளி என்று உறுதியாகச் சொல்ல வலுவான ஆதாரம் உண்டு. தைவானில் 1984-ல் பச்சிளம் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறை வளர்ந்தபோது சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைந்துபோனது. வைரஸைத் தடுத்தால் நோயும் குறைகிறது என்பதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பெருங்குடல் விஷயத்தில் அப்படி ஒரு சாட்சி இன்றுவரை இல்லை. ஆசனவாயில் வரும் புற்றுநோயில் பெரும்பாலானவற்றுக்கு எச்.பி.வி. காரணம். ஆனால் அதற்குச் சில சென்டிமீட்டர் மேலே, மலக்குடலிலும் பெருங்குடலிலும் கதையே வேறு. அங்கே உள்பூச்சு வேறு வகைச் செல்களால் ஆனது.

சந்தேகப் பட்டியலில் ரொம்ப நாளாக இருப்பது ஜே.சி. வைரஸ். வந்தவர்களுக்கே தெரியாமல் வந்து, சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். செல் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் பி53 போன்ற புரதங்களை முடக்கக்கூடிய ஒரு புரதம் இதனிடம் உண்டு. குடல் கட்டிகளில் இது இருக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்ல, வேறு சில ஆய்வுகள் தேடிவிட்டு இல்லை என்றன. உலகப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கும் வைரஸ் இது. அப்படிப்பட்ட ஒன்றைக் கட்டியிலும் பார்த்தேன் என்றால் அது மட்டும் ஆதாரம் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 'காரணமாக இருக்கலாம்' என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறது.

என் மனதை அதிகம் ஈர்ப்பது வேறு வகை வைரஸ்கள். இவை நம் செல்களைத் தொடுவதே இல்லை. நம் குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களைத்தான் தாக்கும். பேஜ் என்பார்கள். சில பேஜ் உள்ளே புகுந்ததும் பாக்டீரியாவை உடைத்துக் கொன்றுவிடும். வேறு சில கொல்லாமல், தன் மரபணுவை பாக்டீரியாவின் மரபணுவோடு சேர்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடும். பாக்டீரியா பெருகும்போதெல்லாம் அதுவும் கூடவே பெருகும்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாட்டிமார் காலத்தில் ஊரையே காலி செய்த வாந்திபேதி, அதாவது காலராவைப் பாருங்கள். காலரா பாக்டீரியா விடும் நச்சுக்கான மரபணு உண்மையில் அதனுடையது இல்லை. ஒரு பேஜ் கொண்டுவந்து சேர்த்தது. 1996-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த பேஜ் இல்லாத காலரா பாக்டீரியா அந்த நச்சைச் செய்யாது. தொண்டை அடைப்பான் நோயிலும் இதே கதைதான். ஆக, சாதுவாக இருக்கும் ஒரு பாக்டீரியாவை வைரஸ் ஆபத்தானதாக மாற்ற முடியும். மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தரும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்போது குடலுக்கு வருவோம். பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் என்று ஒரு பாக்டீரியா. குடல் புற்றுநோய் உள்ளவர்களிடம் அடிக்கடி தென்படுகிறது. ஆனால் நோயே இல்லாதவர்கள் பலரின் குடலிலும் இருக்கிறது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? அண்மையில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அந்த பாக்டீரியாவுக்கு உள்ளேயே தேடினார்கள். புற்றுநோய் உள்ளவர்களிடமிருந்து எடுத்தவற்றில் சில பேஜ்கள் கூடுதலாகக் காணப்பட்டன. செய்திகளில் நீங்கள் பார்த்த 'குடல் கேன்சர் வைரஸ்' பெரும்பாலும் இதுதான்.

இங்கேதான் நிதானம் வேண்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடையைச் சுற்றி ஈ மொய்ப்பதைப் பார்த்து, ஈதான் மீனைக் கொன்றது என்று நாம் சொல்வதில்லை. கட்டி வந்த குடலில் ரத்தம் கசியும், செல்கள் சாகும், இடமே மாறிப்போகும். அந்த இடம் பிடித்துப்போய் சில பாக்டீரியாக்கள் பிறகு வந்து குடியேறியிருக்கலாம்; அவற்றோடு பேஜும் வந்திருக்கலாம். எது முன்னால், எது பின்னால் என்று தெரிய வேண்டுமென்றால், நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்து உறைய வைத்த மல மாதிரிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. ஆனாலும் செய்ய வேண்டிய வேலை. ஒருநாள் மல மாதிரியிலிருந்தே ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல இது உதவும் என்று நான் நம்புகிறேன்.

அதுவரை, இந்த வைரஸுக்குத் தடுப்பூசி, குடல் சுத்தி மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கவும் வேண்டாம். அதனால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து அழியும்.

உறுதியாகத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன். வயது, குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது வந்திருப்பது, புகை, உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி. அப்புறம் மது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: குடல் புற்றுநோய்க்கு மது ஒரு காரணம் என்பதில் உலக அளவில் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். மலத்தில் ரத்தம் போனால் நம் ஆட்கள் முதலில் போவது அந்த நோட்டீஸில் உள்ள முகவரிக்குத்தான். களிம்பு தடவிக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிடும். மூலமாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? மலத்தில் ரத்தம், மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, நடுவயது தாண்டியவருக்குக் காரணம் தெரியாத ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கோ போய், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை என்றதும் பயப்படுகிறார்கள். முந்தின நாள் மருந்து குடித்து வயிற்றைக் காலி செய்வதுதான் பலருக்கும் அதில் சிரமமான பகுதி. சாதாரணமாக, பாலிப் என்ற சின்ன முளை புற்றாக மாறப் பத்து ஆண்டு போலப் பிடிக்கும். அதற்குள் பார்த்துவிட்டால், பெரும்பாலும் அதே குழாய் வழியாக அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். குடும்பத்தில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், எந்த வயதில் இந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.