கிரேஸ் ஹாப்பர்: கண்டுபிடித்தவரா, ஏற்கவைத்தவரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் புகழுக்குப் பெரிதும் காரணம் அவருடைய கண்டுபிடிப்பா, அல்லது பிறரை ஏற்கவைத்த விடாப்பிடியா என்பது இன்றைய வினா. விடாப்பிடியே என்பது எங்கள் அணியின் வாதம். 1952இல் அவர் உருவாக்கிய ஏ-0 கம்பைலர் (மனிதர் எழுதியதை இயந்திரம் ஓட்டக்கூடிய நிரலாக மாற்றும் மென்பொருள்) ஒன்றே போதும், வேறு சான்று எதற்கு என்று எதிரணித் தலைவர் கேட்டார். அந்த ஏ-0விலிருந்தே தொடங்குகிறேன். அது எங்கள் பக்கமே சாட்சி சொல்லும்.

அந்நாளில் நிரலாளர்கள், அடிக்கடி தேவைப்படும் துணைநிரல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துக்கொண்டு, வேண்டும்போது பார்த்துக் கையால் படியெடுத்தார்கள். ஒவ்வொரு துணைநிரலும் 0ஆம் வரியில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே அதைப் புதிய நிரலின் நடுவே பொருத்தும்போது அதிலுள்ள முகவரிகளை எல்லாம் கூட்டித் திருத்த வேண்டும். படியெடுப்பதிலும் பிழை, கூட்டுவதிலும் பிழை. ஹாப்பர் அத்துணைநிரல்களுக்கு எண்ணிட்டு நாடாவில் ஏற்றினார்; எண்களை வரிசையாகக் கொடுத்துவிட்டால், யூனிவாக் இயந்திரமே அவற்றைத் தேடியெடுத்து, முகவரிகளைத் திருத்தி, முழு நிரலாகக் கோத்துத் தந்தது. அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய கணிப்பொறியாளர் இதை, துணைநிரல்களைக் கோக்கும் லிங்கர் என்றோ அவற்றை நினைவகத்தில் ஏற்றும் லோடர் என்றோதான் சொல்வார்; மொழிமாற்றும் கம்பைலர் என்று சொல்லமாட்டார். அதே 1952இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆலிக் கிளென்னி ஆட்டோகோட் என்ற கம்பைலரை எழுதிவிட்டார். 1957இல் ஜான் பேக்கஸ் குழுவின் ஃபோர்ட்ரான் மொழிக் கம்பைலர் வந்துவிட்டது. ஹாப்பர் இல்லாவிட்டாலும் கம்பைலர் பிறந்திருக்கும்.

அப்படியானால் அவர் மட்டுமே செய்தது என்ன? கணினிக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும், நிரல் எழுத அதற்கு வராது என்று அடித்துச் சொன்னவர்களிடையே, ஓடிக்கொண்டிருந்த கம்பைலரையே தொட ஆளில்லாத நிலையில், அவர் கேட்போர் காது புளிக்கும்வரை பேசினார். அடுத்து, வணிகக் கணக்குகளுக்கு ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதலாம் என்று தம் நிறுவன மேலாளர்களிடம் நிதி கேட்கப் போனபோது, சிறிய மாதிரி நிரல் ஒன்றை ஆங்கிலத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். இயந்திரத்துக்கு எந்த மொழியின் சொல்லும் வெறும் குறியீடுதான் என்பதே அவர் நிறுவ வந்தது. மேலாளர்களோ, பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று மிரண்டுபோனார்கள்! ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறோம் என்று உறுதி கூறித்தான் ஃப்ளோமாட்டிக் மொழிக்கு வழி பிறந்தது. தொழில்நுட்பத் தடை எப்போதோ நீங்கிவிட்டது. அடைத்துக்கொண்டிருந்தது மனிதர்களின் மனம்.

வணிகக் கணக்குகளுக்கான நிரல்மொழியான கோபாலைப் (COBOL) பற்றியும் எதிரணியினர் பேசினார்கள். 1959இல் அம்மொழியை வரைந்த குழுவில் ஹாப்பர் உறுப்பினரே அல்லர். ஜீன் சாம்மெட் முதலானோர் அமர்ந்து எழுதியதை அவர் பெயரில் எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் அக்குழு பெரிதும் பின்பற்றிய முன்மாதிரி ஃப்ளோமாட்டிக். போட்டி நிறுவனங்களையும் பாதுகாப்புத் துறையையும் ஒரே மேசைக்கு வரவழைத்த முயற்சியில் ஹாப்பரின் பங்கு பெரிது. 1960 டிசம்பரில் ஏறத்தாழ ஒரே கோபால் நிரல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் இயந்திரத்திலும் யூனிவாக்கிலும் ஓடிக் காட்டியது. போட்டியாளர்கள் உடன்பட்டதால் கிடைத்த வெற்றி அது.

1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் சிக்கிய, கணினிப் பிழையை ‘பக்’ (பூச்சி) என்று சொல்வதோடு சேர்த்துப் பேசப்படும் அந்துப்பூச்சியின் கதையை எதிரணி நண்பர் சுவையாகச் சொன்னார். அதைக் கண்டெடுத்தவர் ஹாப்பர் அல்லர். அக்கதையை மேடைதோறும் சொல்லி உலகறியச் செய்தவர்தான் அவர். இதையும் எங்கள் கணக்கிலேயே வரவு வையுங்கள், நடுவர் அவர்களே.

எங்கள் அணியின் வலுவான சான்று இனிமேல்தான் வருகிறது. அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாகவும் இருந்து 1966இல் ஓய்வு பெற்றவரை அடுத்த ஆண்டே, 6 மாதங்களுக்கு என்று சொல்லித் திரும்ப அழைத்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிப்பதற்காக அன்று. கோபால் என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வடிவத்தை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கடற்படையின் நிரல்மொழிகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவதே அவருக்கு இட்ட பணி. நிறுவனங்களின் கம்பைலர்கள் மொழியின் விதிகளுக்கு அடங்குகின்றனவா என்று சோதிக்கும் நிரல்களை அவருடைய குழு எழுதியது. விற்பவர்கள் வழிக்கு வந்தார்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி வர ஏன் தாமதமாகிறது என்று கேட்ட தளபதிகளிடம், ஒளி ஒரு நானோ நொடியில் (நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில்) கடக்கும் தொலைவான ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளக் கம்பியை நீட்டி, இங்கிருந்து செயற்கைக்கோள் வரை இப்படி எத்தனை கம்பிகள் என்று எண்ணிப் பாருங்கள் என்றார். அந்த 6 மாதம் நீண்டுகொண்டே போய், 1986இல், ரியர் அட்மிரல் என்ற உயர் பதவியில், 79ஆம் வயதில்தான் கடற்படை அவரை விடுவித்தது. அந்தக் கடைசி இருபதாண்டுகளை எந்தக் கண்டுபிடிப்பின் கணக்கில் சேர்ப்பது என்று எதிரணியினரே விடை சொல்லட்டும்.