தண்டவாளம் போனபின் நின்ற நிலையம்

அவையோருக்கு வணக்கம். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்து வட்டாரத்தில், அன்னிக் என்றொரு சிறுநகரம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அப்பெயரின் நடுவே இரண்டு எழுத்துகள் ஒலியின்றிக் கிடப்பதால், படித்தறிந்தவரைவிடக் கேட்டறிந்தவரே அதைச் சரியாகச் சொல்வர். அவ்வூரின் பழைய ரயில் நிலையமே இன்றைய என் பொருள்.

நியூகாசிலிலிருந்து ஸ்காட்லாந்தை நோக்கி 1847இல் போடப்பட்ட பெரிய பாதை, ஒரு கோமகனின் கோட்டை நிற்கும் இவ்வூரைத் தொடாமல், ஏறத்தாழ மூன்று மைல் கிழக்கே விலகிச் சென்றது. குறை தீர 1850இல், அப்பெரிய பாதையை ஒட்டிய ஆலன்மவுத் பக்கமிருந்து ஒரு கிளைப்பாதை வந்தது. 1887இல் ஸ்காட்லாந்து எல்லையருகே உள்ள கார்ன்ஹில் வரை 35 மைல் நீளத்தில் இன்னொரு பாதை திறக்கப்பட்டபோது, வடகிழக்கு ரயில்வே கம்பெனியின் கட்டடக் கலைஞர் வில்லியம் பெல் வடிவமைத்த புதிய நிலையமும் எழுந்தது: கல்லாலான சுவர்கள், மேலே கண்ணாடி பதித்த இரட்டைக் கூரை. மாநகர் ஒன்றுக்கு ஏற்ற அந்தக் கம்பீரம், கோட்டைக்கு வரும் அரச விருந்தினருக்காகவே என்பர். கிளைப்பாதையின் வருமானத்தை மட்டும் எண்ணியவர் எவரும் அப்படிக் கட்டியிருக்க மாட்டார் என்பதே என் கருத்து.

கார்ன்ஹில் பாதையில் பயணிகள் வண்டி 1930இலேயே நின்றது. எஞ்சிய மூன்று மைல் கிளையும் 1968 ஜனவரியில் பயணிகளை இழந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சரக்கு வண்டியும் போயிற்று.

தேவைக்கு மிஞ்சிய அந்தப் பரப்பே பிற்காலத்தில் நிலையத்துக்குக் கைகொடுத்தது. 1991இல் அங்கே 'பார்ட்டர் புக்ஸ்' என்னும் பழைய புத்தகக் கடை தொடங்கியது. பெயருக்கேற்ப, கொண்டுவரும் நூலுக்கு ஈடாக வேறு நூல் பெறலாம். அலமாரிகளின் உச்சியில் ஒரு பொம்மை ரயில் ஓடுகிறது. ஏலத்தில் வாங்கிய புத்தகப் பெட்டி ஒன்றின் அடியில், 2000ஆம் ஆண்டில், மடித்த சிவப்புச் சுவரொட்டி ஒன்று கிடைத்தது. 'பதறாதீர், பணியைத் தொடருங்கள்' என்னும் பொருளில், 1939இல் போர்க்காலத்துக்கென இலட்சக்கணக்கில் அச்சிட்டு, பெரும்பாலும் ஒட்டப்படாமலே கூழாக்கப்பட்ட அறிவிப்பு அது. கடைக்காரர்கள் அதைச் சட்டமிட்டு மாட்டினர். வாடிக்கையாளர் விடாமல் கேட்கவே படியெடுத்து விற்றனர். பின்னர் அது கோப்பையிலும் சட்டையிலும் ஏறி உலகைச் சுற்றியது.

ஆர்வலர்கள் ஆலன்மவுத் நோக்கிய கிளையை மீட்டு வருகிறார்கள். எனினும் பழைய தடத்தைப் புறவழிச் சாலை குறுக்கே வெட்டிவிட்டதால், அவர்களுடைய வண்டி ஊரின் விளிம்பில் புதிதாகக் கட்டிய நிலையத்திலிருந்தே புறப்படுகிறது.