கேமரா பெட்டியும் கார்னெட் புத்தகமும்

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரில் படப்பிடிப்பு நிர்வாகம் பார்ப்பவன் நான். கேமரா, விளக்கு, ஒலிக்கருவி என்று பெட்டி பெட்டியாக எல்லை தாண்டிக் கொண்டுபோய், ஒன்றும் குறையாமல் திருப்பிக் கொண்டுவருவது என் வேலையில் பெரிய பங்கு. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பயணம் போகிறார்கள். கல்யாணத்தைப் படம் பிடிக்கச் சென்னை, பாட்டுக் காட்சிக்கு ஹட்யாய், ஆவணப்படத்துக்குச் சிங்கப்பூர். கேமரா தோள்பையில் அடங்கிவிடுகிறது. அதனால் சுங்கம் என்பது பெரிய கம்பெனிகளின் கவலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுங்க அதிகாரி பையின் அளவைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது தொழிலுக்கான கருவியா, அது இந்த நாட்டிலேயே தங்கிவிடுமா, திரும்பிப் போகுமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. என்ற பொருள், சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. 2 லட்சம் ரிங்கிட் மதிப்புள்ள கருவிகள் அங்கேயே தங்கிவிடும் பொருள் என்று கணக்கில் ஏறினால், அந்த வரி மட்டும் 18,000 ரிங்கிட். சின்னக் குழு ஒன்றின் மொத்தப் படப்பிடிப்புச் செலவே அவ்வளவுதான் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு அனைத்துலக அளவில் ஒரு வழி 1961லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு பிரசல்ஸ் நகரில் தொழில் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுவருவது பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் சினிமாக் கருவிகளுக்கென்றே தனி இணைப்பு உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஏ.டி.ஏ. கார்னெட் ஒப்பந்தமும் வந்தது. கார்னெட் என்பது கருவிகளுக்கான கடப்பிதழ் மாதிரி ஒரு புத்தகம். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது செல்லும். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா, இலங்கை எல்லாம் அதில் அடக்கம். மலேசியாவில் இதை வழங்குவது மலேசிய அனைத்துலக வர்த்தக தொழிலியல் சபை. அதிகபட்சம் ஓராண்டு செல்லுபடியாகும். அதற்குள் பல நாடுகளுக்குப் பலமுறை போய் வரலாம். உள்ளே நுழையும்போது வரி கட்ட வேண்டாம். ஆனால் சபையிடம் வங்கி உத்தரவாதமோ பிணைத்தொகையோ வைக்க வேண்டும். பொருள் திரும்பவில்லை என்றால் அந்த நாட்டின் சுங்கம் இங்குள்ள சபையைக் கேட்கும், சபை நம்மைக் கேட்கும்.

சரி, புத்தகம் கைக்கு வருவதற்கு முன்னால் பட்டியல் தயாரிக்க வேண்டும். பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. 'கேமரா ஒன்று, லென்ஸ் ஆறு' என்று எழுதினால் போதாது. ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், எத்தனை, எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்தது என்று எல்லாம் வேண்டும். கருவியை மேசையில் எடுத்து வைத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள். பழைய விலைச்சீட்டைப் பார்த்து எழுதாதீர்கள். வாடகைக் கடையில் ஒரே மாதிரி லென்ஸ் நாலு இருக்கும். கடைசி நேரத்தில் பையன் வேறொன்றை எடுத்துப் பெட்டியில் போட்டிருப்பான். பட்டியலில் ஓர் எண், லென்ஸில் இன்னோர் எண். அதிகாரியைப் பொறுத்தவரை அது வேறு பொருள்.

கார்னெட் வழங்கிய பிறகு பட்டியலில் எதையும் சேர்க்க முடியாது. அதனால் கொண்டுபோகக்கூடியதை எல்லாம் முதலிலேயே எழுதிவிடலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் எல்லாவற்றையும் தூக்கிப் போக வேண்டியதில்லை. அந்தத் தடவை எந்தெந்த எண் வரிசைப் பொருள்கள் போகின்றன என்று அதற்குரிய தாளில் குறித்தால் போதும். இந்த வசதி தெரியாமல் சின்ன வேலைக்கும் முழு வண்டியை ஏற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், தீர்ந்துபோகும் பொருள்கள் இதில் சேராது. ஒட்டுநாடா, ஒப்பனைச் சாமான், அன்பளிப்பாகக் கொடுக்கும் டி-சட்டை எல்லாம் தனிக் கணக்கு.

கருவி வாடகைக்கு எடுத்ததா? கவலை வேண்டாம், சொந்தக்காரரின் அனுமதிக் கடிதத்தோடு உங்கள் பெயரில் கார்னெட் எடுக்கலாம். ஆனால் போன இடத்தில் அதை உள்ளூர்க்காரருக்கு வாடகைக்கு விடக் கூடாது. 'ரெண்டு நாள் சும்மாதானே கிடக்கிறது' என்று சென்னையில் ஒரு நண்பர் கேட்பார். உறுதியாக மறுத்துவிடுங்கள். நீங்களோ உங்கள் மேற்பார்வையில் உள்ளவர்களோதான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

இப்போது முத்திரைக்கு வருகிறேன். கார்னெட் புத்தகத்தின் மேலட்டை பச்சை. உள்ளே மஞ்சள் தாள் நம் நாட்டை விட்டுப் போகவும் திரும்பி வரவும். வெள்ளைத் தாள் அடுத்த நாட்டில் நுழையவும் வெளியேறவும். ஒரு நாட்டை வெறுமனே கடந்து போவதற்கு நீலம். ஒவ்வொரு தாளிலும் அதிகாரி ஒரு பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்வார், மறுபகுதி முத்திரையோடு புத்தகத்திலேயே இருக்கும். இரண்டும் நடந்ததா என்று அங்கேயே நின்று பாருங்கள். பின்னால் வரிசை நின்றாலும் பாருங்கள்.

போகும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். வேலை முடிந்து வெளியேறும்போதுதான் தவறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு, இந்தியாவில் படப்பிடிப்பை முடித்துவிட்டு அதிகாலை விமானத்துக்கு வந்தது. களைப்பில் நேராக விமான நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய்ப் பெட்டிகளை எல்லாம் போட்டுவிட்டார்கள். பிறகு கார்னெட்டோடு சுங்க அலுவலகத்துக்குப் போனால், அதிகாரி பொருளைக் காட்டச் சொல்கிறார். பொருள் விமானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பார்க்காத பொருளுக்கு அவர் எப்படி முத்திரை குத்துவார்? அவர் மறுத்தது சரிதான். முதலில் சுங்கம், பிறகுதான் பெட்டி. ஜொகூர் பாலத்தைக் காரில் கடந்தாலும், புக்கிட் காயு ஈத்தாம் வழியாகத் தாய்லாந்துக்குப் போனாலும் இதே கதைதான். யாரும் தேடி வந்து முத்திரை குத்த மாட்டார்கள். வண்டியை ஓரங்கட்டி நாம்தான் சுங்க அலுவலகத்தைக் கண்டுபிடித்துப் போக வேண்டும்.

அந்தக் குழு தப்பித்துக்கொண்டது. மலேசியாவில் நுழைந்ததும் மஞ்சள் தாளில் முறையாக முத்திரை வாங்கியிருந்தார்கள். பொருள் வீடு திரும்பியதற்கு அதைச் சான்றாக ஏற்க ஒப்பந்தத்தில் இடம் உண்டு. அதற்கும் இந்தியா தனிக் கட்டணம் கேட்கலாம். அந்த முத்திரையும் இல்லாமல் போயிருந்தால், வரியோடு அதன்மேல் 10 விழுக்காடு வரை கூடுதலாகவும் கேட்டிருக்கலாம்.

கார்னெட் இருந்தால் எல்லாம் போகும் என்று எண்ண வேண்டாம். வரிக்கு மட்டும்தான் அது பதில். இந்தியா 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. வான்வழிக் காட்சி வேண்டுமென்றால் அங்கேயே உள்ளவரை அமர்த்துங்கள். வாக்கி-டாக்கிக்கும் அங்கே தனி அனுமதி வேண்டும். பேட்டரி விமானப் பாதுகாப்பு விஷயம். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். பேட்டரியின் கொள்திறன் 100 வாட்-மணி (Wh) என்ற அளவுக்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் பயணிப் பெட்டியில் இடமில்லை.

குழுவில் ஒருவரை இதற்கென்றே நியமியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தயாரிப்பாளருக்கு ஆயிரம் வேலை, ஒளிப்பதிவாளருக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற கவலை. உதவியாளர்களில் நிதானமான ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்து, விமான நிலையத்துக்கு அவர் சொல்லும் நேரத்துக்கு மற்றவர்கள் கிளம்புங்கள். அந்த வேலைக்கு மரியாதையும் சம்பளமும் கொடுங்கள்.

வீடு திரும்பியதும் புத்தகத்தைச் சபையிடம் ஒப்படைத்தால்தான் பிணைத்தொகை திரும்பக் கிடைக்கும். ஒப்படைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கார்னெட் காலாவதியான பிறகும் ஓராண்டு வரை வெளிநாட்டுச் சுங்கம் கேள்வி கேட்கலாம். கேட்ட நாளிலிருந்து சான்று காட்டச் சபைக்கு ஆறு மாதம்தான் அவகாசம். அப்போது சபை உங்களைத்தான் கூப்பிடும். நன்றி, வணக்கம்.