மகனுக்கும் உரிய தடுப்பூசி

வணக்கம். பாலுறவு வழியாகப் பரவும் ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை ஆண்பிள்ளைகளுக்கும் போட வேண்டுமா என்ற ஒரே கேள்வியைத்தான் இன்றைய காணொளியில் எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பலர் இதைக் 'கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பெயரைக் கேட்டவுடன், மகன்களை மட்டுமே பெற்றவர்கள் இது தமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று எண்ணிவிடுகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பெயரே அப்படித்தான் எண்ண வைக்கிறது.

இந்த வைரஸ் ஆண்களையும் தொற்றுகிறது. பதினைந்து வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் ஏதேனும் ஒரு வகை ஹெச்பிவி இருப்பதாக, 2023இல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே அகன்றுவிடும். அகலாமல் தங்கிவிடும் தொற்றுதான், பல ஆண்டுகள் கழித்துத் தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகிய இடங்களில் புற்றுநோயாக மாறக்கூடும். அமெரிக்காவில் இன்று ஹெச்பிவியால் ஆண்களுக்கு வரும் தொண்டைப் புற்றுநோய்களின் எண்ணிக்கை, பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது.

என்னை மிகவும் கவலைக்குள்ளாக்கும் செய்தி ஒன்று உண்டு. கருப்பைவாயில் ஏற்படும் மாற்றங்களைப் புற்றுநோயாக முற்றுவதற்கு முன்பே கண்டறிய, அங்குள்ள செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், ஹெச்பிவி பரிசோதனை ஆகியவை பெண்களுக்கு இருக்கின்றன. தொண்டைக்கு அத்தகைய முன்னறி பரிசோதனை எதுவும் இல்லை. டான்சில் எனப்படும் தொண்டைச் சதையின் மடிப்புகளிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வைரஸ் ஒளிந்துகொள்வதால், தொடக்க நிலை மாற்றங்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பலருக்குக் கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி தென்படும்போதுதான் நோயே தெரியவருகிறது, அதற்குள் அது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது. நோய் வருமுன் நிறுத்த ஆணுக்குக் கைவசம் உள்ள முதன்மையான கருவி இந்தத் தடுப்பூசிதான்.

பெண்களுக்குப் போட்டாலே ஆண்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்துவிடுமே என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 2007இல் பெண்களுக்கான திட்டத்தைத் தொடங்கிய ஆஸ்திரேலியாவில், பெண்களோடு உறவுகொள்ளும் இளம் ஆண்களிடமும் ஹெச்பிவியால் வரும் பிறப்புறுப்பு மருக்கள் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களை அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை; ஆசனவாய்ப் புற்றுநோயின் இடர் மிகுந்தவர்களும் அவர்களே. 2013இல் அந்நாடு ஆண்பிள்ளைகளையும் திட்டத்தில் சேர்த்தது. பிரிட்டன் 2019இல் அதே முடிவை எடுத்தது.

ஒரு பாலினரை மட்டும் நம்பிய பாதுகாப்பு எவ்வளவு எளிதில் உடையும் என்பதற்கு ஜப்பானை நினைத்துப் பாருங்கள். பக்கவிளைவு குறித்த அச்சத்தால் 2013இல் அங்கு அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைக்க, பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ எழுபது விழுக்காடாக இருந்த தடுப்பூசி போட்டுக்கொள்வோர் விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. பரிந்துரை மீண்டும் முழுமையாக நடைமுறைக்கு வர 2022 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பெண்களோடு சேர்ந்து ஆண்களும் காப்பின்றி நின்றார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வருவாய் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். தடுப்பூசி தட்டுப்பாடாக இருக்கும் இடத்தில் 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கே முதலிடம் என்ற உலகச் சுகாதார அமைப்பின் நிலைப்பாட்டை நான் முழுமனதோடு ஏற்கிறேன். 2022இல் அவ்வமைப்பு ஒரே தவணையும் போதுமான மாற்றாகலாம் என்று அறிவித்தது. ஒருவருக்கு இரண்டு ஊசி செலவான இடத்தில் ஒன்று மிஞ்சுமானால், அந்த ஒன்றை ஆண்பிள்ளைகளுக்கு ஒதுக்கும் வாய்ப்பு பிறக்கிறது அல்லவா?

வளர்ந்த ஆண்கள் தங்களுக்குப் பயன்படுமா என்று கேட்பதுண்டு. இது தொற்றைத் தடுக்கும் ஊசி. ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. ஆகவே பாலுறவு வாழ்க்கை தொடங்குவதற்கு முன் போடுவதே சிறப்பு. அமெரிக்காவில் 26 வயது வரை பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேல் 45 வரை மருத்துவரோடு கலந்து பேசி முடிவு செய்யலாம் என்கிறார்கள். எச்ஐவி உள்ளவர்களுக்குக் கூடுதல் தவணைகள் தேவைப்படும் என்பதால், அவர்கள் தம் மருத்துவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.