தாத்தா இறங்கிய சைக்கிள்

நேயர்களுக்கு மாலை வணக்கம். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவனை 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மணி அடிக்கிற வரைக்கும் பேசிப் பழகிய வாய் இது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தம்பி கையைக் காட்டினால் நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். பார்க்கலாம்.

ஒரு துணுக்கோடு ஆரம்பிக்கிறேன். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு தமிழர், மூன்று பேரும் ஒரு படகில் போகிறார்கள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படகில் யார் தூங்குவார், யார் காசு எண்ணுவார், யார் போத்தலைத் திறப்பார் என்று உங்களுக்கே தெரியும். கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்தில் கேட்டிருப்பீர்கள், ஆபீஸில் கேட்டிருப்பீர்கள், இப்போது போனிலும் வருகிறது. நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் துணுக்கை முதலில் எழுதியது யார்? என் கணக்குப்படி அது எழுதப்பட்ட இடம் தோட்டத்து ஆபீஸ், எழுதிய புத்தகம் சம்பளப் பேரேடு. யாருக்கு எவ்வளவு கூலி, ஏன் அவ்வளவுதான் என்பதற்குத் தொரைமார், அதாவது தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்கள், தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட காரணங்கள் அவை. தொரைமார் கப்பலேறிப் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தப் பேரேட்டை நாம் இன்னும் துணுக்காக வாசித்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்வதற்கு மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன்: ஒரு சைக்கிள், ஒரு கள்ளுக்கடை, ஒரு பாரம், அதாவது நாம் நிரப்பித் தருகிற படிவம்.

சைக்கிள் என் தாத்தாவுடையது. மலாயாவில் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். சீட்டுப் போட்டு, வெற்றிலை பாக்கைக் குறைத்து, ஒரு பழைய ராலே சைக்கிள் வாங்கினார். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அப்போது சைக்கிள் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் பெரிது. ஞாயிற்றுக்கிழமை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாராம். "என் தலைக்கு இல்லாத எண்ணெய்" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக் காட்டுவாள்.

அந்தச் சைக்கிளுக்கு ஒரு சட்டம் இருந்தது. எதிரில் தொரை வந்தால் கூலிக்காரன் இறங்கிவிட வேண்டும். இறங்கி, ஓரமாக நின்று, அவர் போன பிறகு ஏறிக்கொள்ளலாம். தொரைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கிராணியைக் கண்டாலும் இறங்க வேண்டும். கிராணி யார்? தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரோ மலையாளியோ. நம்மைப் போலவே கோயிலுக்குப் போகிறவர், நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிறவர். ஆனால் சைக்கிள் விஷயத்தில் அவரும் வெள்ளைக்காரர்தான்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் பத்திரிகையில் இருந்த ஆர்.எச். நாதன் அதில் முன்னால் நின்றவர். தொழிலாளர்கள் கேட்டவற்றைக் கேளுங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். எங்கள் பெண்கள்மேல் கை வைப்பதை வெள்ளைக்காரர்களும் 'கறுப்பு வெள்ளைக்காரர்களும்' நிறுத்த வேண்டும். இவற்றோடு சேர்த்து இன்னொன்று: நிர்வாகிகள் எதிரில் வந்தாலும் நாங்கள் சைக்கிளிலேயே போக அனுமதி வேண்டும்!

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். கூலி சரி, பள்ளிக்கூடம் சரி, சைக்கிளுக்கா சார் ஸ்ட்ரைக் என்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். அப்புறம் ஒன்று கேட்பேன்: உன் அப்பா உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறார். எதிரில் ஒருவர் வருகிறார். உன் அப்பா இறங்கித் தலை குனிந்து நிற்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கிற நீ எங்கே பார்ப்பாய்? அதற்குப் பிறகு வகுப்பில் சத்தம் இருக்காது.

நாதனைக் கைது செய்தார்கள், நாடு கடத்தினார்கள். கிள்ளான் இருக்கிற செலாங்கூர் மாநிலத்தில் ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அது மே மாதம். டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் கரையேறினான். எதில் வந்தான் தெரியுமா? இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. சைக்கிளில் வந்தான். ஆயிரக்கணக்கில் சைக்கிள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினான், ரப்பர் நாட்டில்! ஜப்பான்காரனுக்குக் கண் சரியாகத் தெரியாது, விமானம் ஓட்டத் தெரியாது, காட்டுக்குள் சண்டை போடத் தெரியாது என்றெல்லாம் வெள்ளைக்கார ராணுவத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படகில் ஏற்றிக்கொண்ட துணுக்கு அது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பான்காரன் வந்ததால் நமக்கு நன்மை என்று சொல்லவில்லை. ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் லயத்திலும் உண்டு. ஆனால் யார் எதிரில் யார் சைக்கிளை விட்டு இறங்குவது என்று அத்தனை கணக்குப் பார்த்தவர்கள், சைக்கிளில் வந்தவனுக்குப் பயந்து காரை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடினதைத் தாத்தா கண்ணால் பார்த்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. 1957இல் மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போகிற வயது, அறுபதுகளில். தாத்தா என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். தொரை பங்களா கேட்டு வந்ததும் இறங்கிவிடுவார். நான் உட்கார்ந்திருப்பேன், அவர் தள்ளிக்கொண்டே போவார். பெரிய தூங்குமூஞ்சி மரம் தாண்டியதும் ஏறிக்கொள்வார். பங்களாவில் வெள்ளைக்காரர் இல்லை. பல நாள் யாருமே இருக்க மாட்டார்கள், ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும். "யாரும் இல்லையே தாத்தா" என்று ஒருநாள் கேட்டேன். "தெரியும்ய்யா. காலு தானா இறங்குது" என்றார். அந்த 1941 ஸ்ட்ரைக்கில் காந்திக் குல்லாய் போட்டுக்கொண்டு நின்ற மனுஷன் அவர்.

சரி, கள்ளுக்கடைக்கு வருகிறேன். தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

தமிழன் குடிகாரன் என்பார்கள். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை யார் வைத்தது? பள்ளிக்கூடம் இல்லாத தோட்டம் உண்டு, கள்ளுக்கடை இல்லாத தோட்டம் அபூர்வம். நிர்வாகமே கடை நடத்தும். லாபத்தில் தொழிலாளர் நலனுக்குச் செலவு செய்கிறோம் என்று கணக்கும் காட்டும். சாயங்காலம் கொடுத்த கூலி ராத்திரிக்குள் பாதி திரும்பி வந்துவிடும். சீனர்களை அபினிப் பித்தர்கள் என்றார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அந்த அபினியிலிருந்து வந்த வருஷங்கள் உண்டு. ஊற்றிக் கொடுத்தவனே குடிகாரன் என்று பெயரும் வைத்தான். 1947இல் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்துத் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலுக்குப் போனது. மோதலாகிவிட்டது. குடிக்காதே என்று நின்ற தமிழர்கள் அவர்கள். எந்தத் துணுக்கிலாவது அவர்கள் வருகிறார்களா?

மலாய்க்காரர் விஷயம்தான் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மலாய்க்காரனுக்கு உழைப்பதில் விருப்பமில்லை என்று எழுதி வைத்தவர்களில் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் பெரிய ஆள், மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமை அதிகாரியாக, தலைமை ரெசிடெண்டாக இருந்தவர். சொந்த நிலத்தில் நெல் போட்டு, ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்தவன், எதற்காக உங்கள் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு, அந்த ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்க வேண்டும்? வரமாட்டேன் என்றான், சோம்பேறி என்றார்கள். அப்புறம் ரப்பர் விலை ஏறியது. அந்தச் சோம்பேறி என்ன செய்தான்? தன் நிலத்திலேயே ரப்பர் நட்டான். ஒருவர் இருவர் இல்லை, கம்பம் கம்பமாக, கிராமம் கிராமமாக நட்டார்கள். உடனே நீ நெல்தான் போட வேண்டும் என்று 1917இல் சட்டம் வந்தது. 1922இல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியபோது பெரிய தோட்டங்களுக்குத் தாராளமாகவும் சிறு விவசாயிகளுக்குக் கிள்ளியும் பங்கு கொடுத்தார்கள். உழைத்தால் தடுப்பார்கள், உழைக்காவிட்டால் திட்டுவார்கள். சமூகவியல் அறிஞர் சையது ஹுசேன் அலாதாஸ் 1977இலேயே இந்தச் சோம்பேறிக் கதையைப் பிரித்துப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த மறுவாரம்தான் என் வகுப்பில் அந்தப் படகுத் துணுக்கை நிறுத்தினேன்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். சின்ன வயதில் நான் அழுதால் பாட்டி என்ன சொல்லுவாள்? "வங்காளி வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிருவான்." யார் இந்த வங்காளி? தாடி வைத்து, தலைப்பாகை கட்டி, கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் இருந்த சீக்கியர். பஞ்சாபில் பிறந்தவர். கல்கத்தாவில் கப்பல் ஏறியதால் இந்த நாட்டில் வங்காளி ஆனார். 1873இல் கேப்டன் ஸ்பீடி பேராக்கில் லாருட் ஈயச் சுரங்கச் சண்டையை அடக்க சீக்கியர்களைத் திரட்டி வந்தார். அடிதடிக்கு ஏற்ற இனம் என்று அவர்களுக்கு முத்திரை. போலீஸ், சிறை, காவல், இவைதான் அவர்களுக்கு வேலை. அந்த முத்திரை பாட்டியின் பூச்சாண்டிக் கதை வரைக்கும் வந்துவிட்டது. அதே நேரம் பக்கத்துச் சீனர் வீட்டில் பிள்ளை அழுதால் தமிழன் வந்து பிடித்துக்கொண்டு போவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையான வங்காளி, பங்களாதேஷிலிருந்து வந்தவர், இன்றைக்கு நம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிறார். அவருக்கு என்ன பெயர்? 'பங்களா'. "டேய் பங்களா, ரெண்டு தே தாரேக்." நம்மைக் 'கெலிங்' என்றால் நமக்கு எவ்வளவு வலிக்கிறது! இத்தனைக்கும் அந்தச் சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர்ப் பெயராக இருந்த சொல் வசவாகிவிட்டது. 'பங்களா' அந்தப் பாதையில் பாதித் தூரம் போய்விட்டது.

என் மகள் கோலாலம்பூரில் வாடகை வீடு தேடியபோது போனில் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் பெயரைக் கேட்டுவிட்டு, வீடு போய்விட்டது என்றார்கள். மறுநாளும் அதே வீட்டுக்கு விளம்பரம் இருந்தது. வீட்டில் எல்லோரும் கொதித்தோம். நான் நாலு பேருக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தேன். அடுத்த வருஷம், என் கடைவீட்டு மாடி காலியாக இருந்தது. நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த இரண்டு பையன்கள் கேட்டு வந்தார்கள். ரொம்ப மரியாதையான பிள்ளைகள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். "ஆள் வந்தாச்சு தம்பி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆள் யாரும் வரவில்லை. அந்த மாடி இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சாவியை மட்டும் எடுத்து என் மேசைமேல் வைத்தாள். அந்தப் பையன்கள் எந்தக் கல்லூரி என்றுகூட நான் கேட்கவில்லை, திரும்பக் கூப்பிடவும் வழியில்லை.

தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். பாரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், அதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். நாம் நிரப்புகிற பாரங்களில் 'பங்சா', அதாவது இனம், என்று ஒரு கேள்வி வரும். மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் என்கிற மற்றவர். இந்தக் கட்டங்கள் ஆதிகாலத்திலிருந்து இருக்கிறவை என்று நினைக்கிறோம். நீரிணைக் குடியேற்றத்தின் பழைய கணக்கெடுப்புகளில் நீளமான பட்டியல் இருந்தது: பூகிஸ், ஜாவானியர், ஆர்மீனியர், பார்சி, இன்னும் எத்தனையோ. 1891 கணக்கெடுப்பில்தான் மலாய்க்காரர், சீனர், "தமிழரும் மற்ற இந்தியரும்" என்று பெரிய பெட்டிகளுக்குள் போட்டு அடுக்கினார்கள். எண்ணுகிறவனுக்கு வசதி. அந்த வசதிதான் படகில் மூன்று பேர்.

என் மருமகள் சீனப் பெண். பேரன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பாரத்தைத் தானே நிரப்புவேன் என்று அடம்பிடித்தான். பென்சிலால் சீனர் கட்டத்தில் ஒரு டிக், இந்தியர் கட்டத்தில் ஒரு டிக். இரண்டு நாளில் பாரம் திரும்பி வந்தது, ஒன்றுக்குத்தான் இடம் என்று. அவன் ரப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "எதைத் தாத்தா அழிக்கணும்?" என்றான். நான் இன்னும்... சரி, சிவப்பு விளக்கு வந்துவிட்டது. கேட்டிருந்தவர்களுக்கு நன்றி. வணக்கம்.