கணக்கில் அறுபது, தட்டில் ஒன்றுமில்லை: மலையகக் கடையில் சரக்கு காத்த அனுபவம்

[காட்சி: ஹட்டன் கடைத்தெரு, காலை மூட்டம். பிறகு கடைக்குள் ஒரு சவர்க்காரத் தட்டு.]

வணக்கம். இந்தத் தட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இடப்பக்கம் சிவப்பு உறை, வலப்பக்கம் பச்சை உறை. ஒரே விலை, ஒரே நிறை, வாசனைதான் வேறு. பச்சையில் 60 இருப்பதாகக் கணினி காட்டுகிறது. தட்டில் பச்சை ஒன்றுகூட இல்லை. சிவப்போ கணினியில் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது, தட்டில் நிரம்பி நிற்கிறது.

யாரும் திருடவில்லை. அன்று 10ஆம் திகதி, தோட்டங்களில் சம்பளம் போட்ட நாள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. ஓர் அம்மா இரண்டு சிவப்பும் நான்கு பச்சையும் கொண்டுவந்து வைக்கிறார். காசாளர் பெண் ஒரு சிவப்பை எடுத்துப் பார்கோட் கருவியில் காட்டி, எண்ணிக்கை 6 என்று தட்டுகிறாள். பில் தொகை சரி. பணப்பெட்டியும் சதம் பிசகாமல் சரி. மொத்தம் சரியாக இருப்பதால் ஒவ்வொன்றும் தவறாக இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. மாதக் கடைசியில் கணினி இன்னும் சிவப்புக்கே ஆர்டர் போடுகிறது.

இருபது வருடங்களுக்கு மேல் சில்லறை வியாபாரத்தில் இருந்திருக்கிறேன். பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டித் தொடங்கி, சுப்பர் மார்க்கெட் கிளையொன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புவரை வந்தேன். நான் கண்ட இருப்புக் குறைவுகளில் களவைவிட இப்படிப்பட்ட கைத்தவறுகளே அதிகம். அந்தப் பெண்ணைத் திட்டி ஒன்றும் ஆகியிருக்காது. சம்பள வாரத்தில் பொருட்களைப் பையில் போட இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தினோம். கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் அவள் ஒவ்வொன்றாகவே பதிந்தாள். கூடவே, தினமும் கடை திறக்குமுன் பத்தே பத்துப் பொருட்களைக் கையால் எண்ணினோம். இன்று சவர்க்காரம், நாளை தீப்பெட்டி. வருடத்துக்கு ஒரு முறை கடையைப் பூட்டிவிட்டு எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

[காட்சி: சுவரில் நாட்காட்டி. 10, 25 ஆகிய திகதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

இனி ஆர்டர். பாடம் சொல்லும் முறை எளிது: ஒரு நாள் சராசரி விற்பனையை, லொறி வந்துசேர எடுக்கும் நாட்களால் பெருக்கி, மேலே சில நாட்களுக்கான பாதுகாப்பு இருப்பைச் சேர்க்க வேண்டும். கோதுமை மாவை எடுத்துக்கொள்வோம். மாதம் 360 கிலோ விற்றால் நாளொன்றுக்கு 12 கிலோ. லொறிக்கு நான்கு நாள், பாதுகாப்புக்கு மூன்று நாள். ஆக, கையிருப்பு 84 கிலோவுக்கு இறங்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று வரும்.

அந்த 360இல் 160 கிலோ, 10ஆம் திகதி முதல் 13 வரையான நான்கே நாட்களில் போகிறது என்று வையுங்கள். நாளுக்கு 40. அப்போது 84 கிலோ மூன்றாம் நாள் காலையே தீர்ந்துவிடும். ரொட்டிக்கு மா வாங்க மேல்கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து, நடந்து இறங்கிவந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இதைவிட மோசமான ஒன்று அதற்குப் பிறகுதான் நடக்கிறது. மா இல்லாத இரண்டு நாட்களைக் கணினி, ‘விற்பனை பூச்சியம்’ என்று பதிகிறது. சராசரி இறங்குகிறது. அடுத்த மாதம் இன்னும் குறைவாக ஆர்டர் போகிறது. எந்தக் கடையிலும் நான் முதலில் தேடுவது இந்தப் பூச்சியங்களைத்தான்: கேட்பாரில்லாத பூச்சியமா, பொருள் இல்லாத பூச்சியமா?

சம்பளம் 10, முற்பணம் 25, ஐப்பசியில் தீபாவளி, டிசம்பரில் வரும் உண்டுவப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். தென்மேற்குப் பருவமழையில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் லொறிக்கு நான்கு நாள் ஏழு நாளாகும். இவற்றையெல்லாம் கடைக்காரர்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும்.

[காட்சி: நுவரெலியா. வெள்ளையாக உறைந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தல்.]

மலையில் குளிரும் ஈரமும் கணக்கில் கை வைக்கும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். விடியற்காலையில் பீப்பாயின் குழாயைத் திறந்தால் சொட்டுக்கூட வராது, சுவரோடு அப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அளந்தால் குறைவு என்றுதான் எழுதுவோம். நெத்தலிக் கருவாடு மூட்டமான வாரத்தில் கனத்து, வெயில் வாரத்தில் நிறை இறங்கும். கிலோவில் வாங்கிக் கிராமில் விற்கும் பொருளுக்கு இது சிறிய விஷயமே அல்ல.

[காட்சி: பால்மாப் பக்கற்றின் விலை அச்சு, அண்மைக் காட்சி.]

2021 ஒக்டோபரில் பால்மா விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 400 கிராம் பக்கற் 380 ரூபாயிலிருந்து 480 ஆனது. பழைய விலை அச்சிட்ட பக்கற்றைப் பழைய விலைக்குத்தான் விற்க வேண்டும். அதுதான் நியாயமும்கூட. 100 பக்கற் விற்றால் 38,000 ரூபாய். இலாபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தக் காசுக்குப் புதிய விலையில் 79 பக்கற்தான் வரும். நட்டம் எதுவும் எழுதாமலே கடை ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. 2022இல் கிட்டத்தட்ட எல்லாப் பொருளுக்கும் இதே கதை. அந்த வருடம் தாக்குப்பிடித்த சிறு கடைகள் மெல்லப் போகும் சரக்கைக் கழித்து, அரிசி, மா, பருப்பில் காசைப் போட்டன. ஆளுக்கு இரண்டு பக்கற் என்று அளந்து கொடுத்ததால் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்குப் பால் கிடைத்தது. அப்படிக் கொடுத்தவர்களை மக்கள் இன்றும் மறக்கவில்லை.

[காட்சி: களஞ்சியம். மரப்பலகைகள் மேல் சீனி மூடைகள்.]

எங்கள் கிளைக்கு முதன்முதலாகக் கணினி வந்தபோது களஞ்சியத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய கொப்பியைத் தூக்கிப் போடும்படி மேலிடத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அது என் பிழை. ஒரு மாதம் கழித்து நான் பதிந்த தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, சீனி மூன்று மூடை என்று போட்டிருக்கிறீர்கள். அடி மூடையைத் தொட்டுப் பார்த்தீர்களா?” தொட்டேன். சுவர்ப்பக்கம் கல்லாக இறுகி, சாக்கு நனைந்திருந்தது. விற்கக்கூடியது இரண்டு மூடைதான்.

கணினியில் கழிவுக்கான காரணங்கள் இரண்டே இருந்தன: உடைவு, காலாவதி. ‘ஈரம்’ இல்லை. பெரியவரின் கொப்பியில் அதற்குத் தனிப் பத்தியே இருந்தது. கொப்பியைத் திரும்பக் கொடுத்தோம். ஒவ்வொரு மாலையும் அவர் வாசிக்க, நான் கணினியில் ஏற்றினேன். மூன்றாம் மாதம் பார்கோட் கருவியை அவரே கையில் எடுத்தார். ஆடி முடிந்ததும் அந்தப் பத்தியை இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். ஈரத்தில் போனவற்றில் பெரும்பகுதி ஒரே இடத்தில், வடக்குச் சுவரோரத்தில் இருந்தது. மறுநாள் காலை சீனியையும் பால்மாவையும் அங்கிருந்து நகர்த்தினோம். இப்போது அந்தச் சுவரோரம் வாளிகளும் விளக்குமாறுகளும் நிற்கின்றன.