மெதுவாக ஓடும் மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாரத்தான் ஓடுகிறேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனையாவதா வந்தீங்க?" என்பதுதான். என்னைப் போன்றவர்கள் எல்லைக்கோட்டைத் தொடும்போது, முன்னால் போனவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, டிபனும் முடித்திருப்பார்கள். 42.195 கிலோமீட்டரைக் கடக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோவில் அதே தூரத்தை 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் ஓடி முடித்தார். அந்த நேரத்துக்குள் நான் பதினேழு கிலோமீட்டர் தாண்டியிருந்தால் அதிகம். ஆகவே, எத்தனையாவது என்ற பேச்சை இதோடு விட்டுவிடுவோம்.

பந்தய நாளைப் பற்றியும் நான் அதிகம் பேசப் போவதில்லை. அது ஒரே ஒரு காலை நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அதற்கு முந்தைய நாலு மாதம்தான் பெரிய விஷயம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதை ஏதோ உடம்பை வருத்திக்கொள்ளும் தவம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த நாலு மாதத்தில் பெரும்பாலும் நாங்கள் செய்வது, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடலாம், இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருக்கலாம் என்று தோன்றும் ஆசைகளை அடக்கிக்கொள்வதுதான்.

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. அங்கிருந்து பதினெட்டு வாரம் பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் கடைசியில் வந்து நிற்கும். ஆவணிப் புழுக்கத்தில் ஆரம்பித்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, மார்கழியில் முடிகிற பயிற்சி இது. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை, நவராத்திரிச் சுண்டல், தீபாவளி பட்சணம் எல்லாம் இதற்குள்ளேதான் வருகின்றன. சுண்டலால் ஒரு தொந்தரவும் கிடையாது, அதில் புரதம் இருக்கிறது. அதிரசத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

வாரம் எப்படிப் போகும் என்றால், திங்கள் ஓய்வு. செவ்வாயும் வியாழனும் எட்டு, பத்து கிலோமீட்டர். புதனும் வெள்ளியும் வீட்டிலேயே காலுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி. மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதுகூட அதில் சேர்த்திதான். சனிக்கிழமை கொஞ்சமாக ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை 'லாங் ரன்'. அந்த நீண்ட ஓட்டம் பதினான்கு, பதினாறு, பதினெட்டு என்று ஏறும். பிறகு ஒரு வாரம் வேண்டுமென்றே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவோம். முப்பது, முப்பத்திரண்டு வந்ததும் நிறுத்திவிடுவோம். "அப்போ நாப்பத்திரண்டை ஓடிப் பார்க்கவே மாட்டீங்களா?" என்று கேட்பார்கள். மாட்டோம். முழுத் தூரமும் ஓடினால் உடம்பு தேறவே பல வாரம் பிடிக்கும். அதில் கூடுதலாகக் கிடைக்கும் பலனோ சொற்பம்.

இந்த ஓட்டங்களில் முக்கால்வாசிக்கு மேல் மெதுவாகத்தான் ஓட வேண்டும். எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. நேற்று வீட்டில் என்ன சமையல், அலுவலகத்தில் யார் யாரோடு மனஸ்தாபம் என்று பேசிக்கொண்டே போகலாம். அந்த வேகத்தில்தான் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இருக்கிற மாவுச்சத்தை மிச்சம் பிடித்து, கொழுப்பையும் சேர்த்து எரிக்க உடம்பு பழகுகிறது. இந்தப் பழக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய எழுபது கலோரி செலவாகும். நாற்பத்திரண்டுக்கு மூவாயிரத்தைத் தொடும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தோ சுமார் இரண்டாயிரம் கலோரிக்குத்தான் வரும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால் இரும்பாகக் கனப்பது இதனால்தான். ஓடுகிறவர்கள் அதைச் 'சுவர்' என்பார்கள். முதல் பத்து கிலோமீட்டரை உற்சாகத்தில் விரட்டி ஓடியவர்கள் அந்தச் சுவரில் சீக்கிரமே போய் முட்டுவார்கள்.

கணக்கு புரிந்துவிடும். மனசுதான் கேட்காது. கடற்கரைச் சாலையில் ஒரு கல்லூரிப் பையன், ஒரு பார்வைகூடப் பார்க்காமல், நம்மை விலக்கிக்கொண்டு போவான். உடனே கால் தானாக வேகமெடுக்கும். போதாக்குறைக்குக் கையில் கடிகாரம், போனில் ஓட்டத்தைப் பதிவு செய்து நண்பர்களுக்குக் காட்டும் ஸ்ட்ராவா என்ற செயலி. நான் ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினேன் என்பதை ஊரே பார்க்கும். செவ்வாய்க்கிழமை காலையில் மெதுவாக ஓட வேண்டியவர்கள், அன்று மாலை நண்பர்கள் பார்த்துப் பாராட்டுவதற்காக வேகமாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் டிசம்பரில் பிசியோதெரபி மேஜையில் படுத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், முதல் வருடம் ஓட ஆரம்பிக்கிறவர்கள் அந்தச் செயலியைப் போனில் ஏற்றவே வேண்டாம்.

சென்னையில் மெதுவாக ஓட வானிலையும் ஒரு காரணம். இங்கே விடியற்காலையில் வெப்பம் குறைவாகத் தெரிந்தாலும் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நமக்கு அது ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டும், ஷூவுக்குள் இறங்கிச் சளக் சளக்கென்று சத்தம் போடும். இதயம் அதற்கும் சேர்த்துத் துடிக்க வேண்டியிருப்பதால், அதே உழைப்புக்கு வேகம் குறைந்துதான் போகும். செப்டம்பரில் இதைப் பார்த்து மனம் தளர்ந்து போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்தால் மார்கழி வந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கண்டபடி குடிப்பதும் ஆபத்துதான். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியது அதற்கு முக்கியமான காரணம். நான் ஞாயிற்றுக்கிழமை ஓடப் போகும் முன்பும், வந்த பின்பும் எடை பார்த்துக்கொள்வேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்து அடுத்த வாரம் எவ்வளவு குடிக்கலாம் என்று திட்டமிடலாம். வீட்டுக்கு வந்ததும் உப்பு தூக்கலாகப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு. விலை உயர்ந்த பானம் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஓடும்போது மட்டும் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும். கிளம்பும் முன் இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. மிளகாய்ப் பொடி வேண்டாம். காரணத்தை வானொலியில் விளக்க முடியாது.

அந்த இட்லியை விடியற்காலை நாலு மணிக்குச் சாப்பிட வேண்டும் என்பதுதான் எங்கள் வாழ்க்கையின் மையமான சிக்கல். நாலு மணிக்கு எழ வேண்டுமானால் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். ஒன்பது மணிக்குத்தான் நம் வீடுகளில் வாழ்க்கையே ஆரம்பிக்கிறது. அப்போதுதான் மகள் கல்லூரிக் கதையைச் சொல்ல வருவாள், ஊரிலிருந்து சித்தி போன் செய்வார், சீரியலில் யாருக்காவது உண்மை தெரியவரும். கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால் மேடை ஏறும் வரிசையில் நிற்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். சனிக்கிழமை ராத்திரி எங்களை அழைப்பதைச் சொந்தக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். "அவளா, அவ தூங்கப் போயிருப்பா" என்று ஒரு பேச்சு. ஆனால் தூக்கத்தில் மட்டும் சமரசம் செய்யக் கூடாது என்பேன். ஓடியதால் தசையில் ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடம்பு சரிசெய்வது பெரும்பாலும் தூங்கும்போதுதான். தூங்காமல் ஓடுவதைவிட, ஓடாமல் தூங்கிவிடலாம்.

நாலரை மணிக்கு மந்தைவெளியிலிருந்து கிளம்பினால், தெரு முனையில் செய்தித்தாள் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆவின் வண்டி வந்து நிற்கும். தூய்மைப் பணியாளர்கள் ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருப்பார்கள். சாந்தோம் வழியாகக் கலங்கரை விளக்கம் போய், அங்கிருந்து காமராஜர் சாலையில் காந்தி சிலை, உழைப்பாளர் சிலை தாண்டி நேப்பியர் பாலம் வரை ஓடித் திரும்பினால் ஆறு, ஏழு கிலோமீட்டர் தேறும். ஞாயிறு என்றால் அதையே திரும்பத் திரும்ப. தெருநாய்களுக்கு நம்மைப் பழக ஒரு வாரம் ஆகும். குரைத்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருட்டில் நான் தனியாக ஓடுவதில்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்துதான் போவோம். பாஸ்டனில் 1972 வரை பெண்களை முறைப்படி ஓட விடவில்லை. 1966-இல் பாபி கிப் என்ற பெண் எண் அட்டை இல்லாமலே புகுந்து ஓடினார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததே 1984-இல்தான். இன்று ஓடக் கூடாது என்று எங்களை யாரும் தடுப்பதில்லை. ஆனால் காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கிற, உள்ளே நுழைய முடிகிற ஒரு கழிப்பறை வேண்டுமே! எங்கள் பாதைகளை அழகோ தூரமோ தீர்மானிப்பதில்லை. எந்தப் பெட்ரோல் பங்கில் மனது வைத்துச் சாவி தருவார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வழியில் இடம் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் ஓடும் பெண்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று சொல்கிறது. ஓட ஆரம்பிக்கும் பெண்கள் ஷூ வாங்குவதற்கு முன் ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. மூச்சு வாங்குவதற்குக் காரணம் பயிற்சிக் குறைவு அல்ல, இரும்புச்சத்துக் குறைவு என்று அப்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

ஷூ என்றதும் சிவ்நாத் சிங் ஞாபகம் வருகிறார். பல பந்தயங்களில் காலணி இல்லாமல், பாதத்தில் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியவர். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம், நாற்பது வருடங்களுக்கு மேல் தேசிய சாதனையாக நின்றது. அவரை நினைத்துக்கொண்டேதான் நான் ஒவ்வொரு வருடமும் ஷூவின் விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொல்கிறேன். அறுநூறு, எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் அதன் மெத்தை உழைக்காது. அந்தத் தூரம் ஒரு பயிற்சிக் காலத்துக்கே சரியாகிவிடும்.

மழை வந்துவிட்டால் அந்த ஷூ காய்வதில்லை. வீட்டில் ஓடுகிற ஆள் ஒருவர் இருந்தால் தினமும் ஒரு செட் துணி சொட்டச் சொட்டத் தொங்கும். ஐப்பசியில் அது காய மூன்று நாளாகும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வைப்போம். ஹாலில் என்ன வாசனை வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மாமியார் ஊதுபத்தி ஏற்றும் நேரத்தை மாற்றிக்கொண்டார். தண்ணீர் தேங்கிய தெருவில் நான் ஓட மாட்டேன். மூடியில்லாத பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த நாட்களில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறி இறங்குவேன். மூன்றாவது மாடிக்காரர் முதல் வாரம் கதவைத் திறந்து பார்த்தார். இப்போதெல்லாம் திறப்பதில்லை.

மாரத்தானைத் தனியாள் விளையாட்டு என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு ஒன்பதரை மணிக்கு வீடு திரும்பும்போது, கணவர் காய் நறுக்கி முடித்திருப்பார். மாமியார், "ஏம்மா, யார் துரத்துறாங்கன்னு இப்படி ஓடுற?" என்று கேட்டுக்கொண்டே தோசை வார்ப்பார். மத்தியானம் நான் பிணம் போலத் தூங்குவேன், வந்த விருந்தாளியை மகள் சமாளிப்பாள். ஓட்டத்துக்கான நேரம் என் கையிலிருந்து மட்டும் போவதில்லை. இதை நாங்கள் பேசியே தீர்த்துக்கொண்டோம். பந்தயம் முடிந்ததிலிருந்து கோடை முழுக்க, ஞாயிற்றுக்கிழமைச் சமையலறை என்னுடையது. அப்போது கணவர் கிரிக்கெட் ஆடப் போவார். முதுகு வலியோடு திரும்புவார், நானும் கேட்பேன், யார் துரத்தினார்கள் என்று.

கடைசி மூன்று வாரம் 'டேப்பர்'. ஓடும் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுவோம். மார்கழிக் குளிர், தெருவெல்லாம் கோலம், இந்த வருடத்தில் ஓடுவதற்கு இதைவிட நல்ல காலை கிடையாது. அப்போது பார்த்து ஓடாதே என்கிறது அட்டவணை. சும்மா இருக்கும் காலில் இல்லாத வலியெல்லாம் வரும். முழங்காலில் ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். பயிற்சி போதவில்லையோ என்று பயந்து, பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறவர்கள் எல்லா வருடமும் உண்டு. அந்தப் பத்து நாளில் புதிய பலம் எதுவும் சேராது. சேர்த்ததைக் கெடுத்துக்கொள்ளத்தான் முடியும். நான் அந்த வாரங்களில் சாயங்காலக் கச்சேரிக்குப் போய்விடுவேன். ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போகும் பாவத்தை வருடா வருடம் செய்கிறேன். மிருதங்க வித்வான்கள் மன்னிக்கட்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது ஓடிப் பார்க்கலாம் என்று தோன்றினால், வரும் ஜனவரிக்கே நாற்பத்திரண்டுக்குப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம் போதும். பிறகு ஐந்து கிலோமீட்டர், அதற்கடுத்த வருடம் பத்து. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மெதுவாக ஓடுகிறோமே என்று வெட்கப்பட வேண்டாம், பின்னால் நாங்கள் சிலர் பேசிக்கொண்டே வந்துகொண்டிருப்போம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.